படைக்காத மாவு

எனக்காகப் பாடு பட்டவர்கள் இரண்டு பேர் என்று ஒருமுறை ஜெபக்கூட்டத்தில் சொல்லிவிட்டேன். போதகரின் முகம் சுருங்கிப்போயிற்று. "இரட்சகர் ஒருத்தர்தானே அம்மா?" என்றார். "இரட்சகர் ஒருத்தர்தானுங்க. நான் பாடு பட்டவங்களச் சொன்னேன்" என்றேன். சுற்றி இருந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். என் வாய் எப்போதுமே கொஞ்சம் நீளம். ஞானஸ்நானத்தில் என் பாவம் கழுவப்பட்டது என்று நம்புகிறேன். வாய் மட்டும் அப்படியே இருந்துவிட்டது.

அந்த இரண்டாவது ஆள் என் கணவர். அவர் கிறிஸ்தவர் அல்ல. கடைசிவரை ஆகவும் இல்லை. அவர் போய் வருடங்களாகிவிட்டன. இப்போதும் பங்குனி மாதத்தில் எங்காவது உரலில் உலக்கை விழும் சத்தம் கேட்டால், கையிலிருக்கும் வேலையை வைத்துவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன். எங்கள் சபையில் அவை உபவாச நாட்கள். நான் ஜெபத்தில் உருகிப்போய் உட்கார்ந்திருப்பதாக மற்றவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். நினைத்துக்கொள்ளட்டும்.

சேலத்திலிருந்து நாமக்கல் போகும் சாலையில் புதுச்சத்திரம் தாண்டியதும் கிழக்கே ஒரு வண்டித்தடம் பிரியும். அதில் போனால் எங்கள் ஊர். கிணற்றுத் தண்ணீரில் ராகியும் மிளகாயும், மழையை நம்பிக் கடலையும் சோளமும் போடுகிற குடும்பம் எங்களுடையது. பெரிய பண்ணை இல்லை. ஆனால் பெரிய பண்ணைக்காரர்களுக்கும் இல்லாத ஒன்று எங்கள் வீட்டுக்கு இருந்தது. பங்குனியில் மாரியம்மன் நோம்பி சாட்டுவார்கள். திருவிழாவை எங்கள் பக்கம் நோம்பி என்றுதான் சொல்வோம். அன்று ஒவ்வொரு வீட்டுப் பெண்ணும் பச்சரிசியை இடித்து, மாவில் வெல்லம் பிசைந்து, நடுவில் குழித்து நெய் ஊற்றித் திரி போட்டு, தட்டத்தில் வைத்துத் தலையில் சுமந்து கோயிலுக்குப் போவாள். அதில் முதல் விளக்கு எங்கள் வீட்டு விளக்கு. கொட்டுக்காரர்கள் எங்கள் வாசலில் வந்து நின்று அடிப்பார்கள். எங்கள் தட்டம் வெளியே வந்த பிறகுதான் மற்ற வீட்டுப் பெண்கள் வாசற்படி தாண்டுவார்கள். அந்த உரிமை இருந்ததால் ஊர்க்கூட்டத்தில் என் கணவருக்கு ஒரு சொல் இருந்தது. வரப்புத் தகராறோ பாகத் தகராறோ, அவரையும் ஒரு வார்த்தை கேட்டுத்தான் முடிப்பார்கள்.

அவருடைய அம்மாதான் அந்த விளக்கை எடுத்துவந்தவர். நான் கல்யாணமாகி வருவதற்கு முன்பே அவர் காலமாகிவிட்டார். நாத்தனாரும் கிடையாது. ஆகவே வந்த வருடமே பித்தளைத் தட்டம் என் தலைக்கு ஏறியது. நான் ஆசையாகத்தான் எடுத்தேன். ஊரே என் பின்னால் நடந்து வருகிறது என்றால் சின்ன வயசுக்காரிக்குக் கசக்குமா? திரும்பி வந்ததும் அணைந்த விளக்கிலிருந்து மாவைக் கிள்ளி அவர் வாயில் போடுவேன். அவருக்கு அந்த மாவு என்றால் உயிர். நெய் ஊறிய நடுப்பகுதியை யாருக்கும் கொடுக்காமல் தானே தின்பார்.

எங்களுக்குக் குழந்தை தங்கவில்லை. முதலாவது பிறந்து சில நாள் இருந்தது. இரண்டாவது அதுவும் இல்லை. அம்மனுக்கு என்மேல் கோபம் என்று ஊரில் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன். ஈரத்துணியோடு கோயிலைச் சுற்றி உருண்டேன், தீ மிதித்தேன், நாவில் வேல் குத்திக்கொண்டேன். என்ன தப்புச் செய்தேன் என்று தெரியாமலே மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தேன். என் கணவரின் பெரியப்பா மகனுக்கு மனைவி ஒருத்தி. எனக்கு அக்கா முறை. "பெத்த புள்ளையத் தின்னுட்டு வந்து நிக்கறா பாரு" என்று என் காதில் விழும்படி சொன்னாள். எனக்கு அவளை அடிக்க வேண்டும்போலிருந்தது. ஆனால் அவள் சொன்னது உண்மையோ என்ற பயமும் இருந்தது.

மூன்றாவது பிரசவம் கஷ்டமாகி, என்னை வண்டியில் போட்டுச் சேலத்துக்குக் கொண்டுபோனார். அங்கே வெள்ளைக்கார டாக்டரம்மா ஒருத்தர் இருந்த ஆஸ்பத்திரி. குழந்தை செத்தே பிறந்தது. எங்கள் ஊரில் அப்படிப் பிறந்ததைப் பழந்துணியில் சுற்றி எடுத்துப் போய்விடுவார்கள். தாய் பார்க்கக் கூடாது. அங்கிருந்த தமிழ் நர்ஸம்மா ஒருத்தி அந்தப் பிள்ளையை வெந்நீரில் கழுவி, வெள்ளைத் துணியில் சுற்றி என் மடியில் கொண்டுவந்து வைத்தாள். ஆண்பிள்ளை. தலை நிறைய முடி. "நல்லாப் பாத்துக்குங்கம்மா. இந்தக் குழந்தை யாருக்கும் தண்டனை இல்லை" என்றாள். பிறகு அந்தப் பிள்ளைக்காக, அது ஒரு முழு மனுஷன் என்பதுபோல, கண்ணை மூடி ஜெபம் செய்தாள்.

நான் கிறிஸ்துவிடம் போனது அந்த ஒரு சொல்லுக்காகத்தான். அப்புறம் ஜன்னி கண்டு அங்கேயே பல நாள் கிடந்தபோது எழுத்துக் கூட்டப் படித்ததும், வேதத்தைத் தடவித் தடவி வாசித்ததும் எல்லாம் அதற்குப் பிறகு. என் உடம்பிலிருந்து பயம் இறங்கிப்போயிற்று. அதை அனுபவித்தால்தான் தெரியும். பேய்க்கும் நோய்க்கும் கண்ணேறுக்கும் பயந்து பயந்து வாழ்ந்தவள், ஒருநாள் காலையில் எழுந்து பார்த்தால் பயமே இல்லை. இதற்காக எதையும் கொடுக்கலாம் என்று தோன்றியது. கொடுக்கப்போவது நான் அல்ல என்பது அப்போது எனக்குத் தெரியாது.

ஞானஸ்நானத்துக்கு முன் எங்கள் சபை உபதேசியார் என் கணவரிடம் சம்மதம் கேட்க வந்தார். இவர் தலையைச் சொறிந்தார். "அவ மூஞ்சில சிரிப்பப் பாத்து வருசக்கணக்காச்சுங்க. இப்பத்தான் சிரிக்கறா. உங்க சாமிதான் சிரிக்க வெச்சாருன்னா நான் என்னத்துக்குக் குறுக்க நிக்கறேன்?" என்றார். அவ்வளவுதான் அவருடைய எதிர்ப்பு.

குங்குமம் வைக்கக் கூடாது என்று சபையில் சொன்னார்கள். அழித்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். அவர் கலப்பையைச் செதுக்கிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். முகம் ஒரு நொடி வெளிறிவிட்டது. பிறகு சமாளித்துக்கொண்டு, "நான் இன்னும் இருக்கறனே, புள்ள" என்றார். நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். ஆனால் அன்றிலிருந்து ஊரில் நல்ல காரியத்துக்குப் போகிறவர்கள் என்னை எதிரே கண்டால் திரும்பிப் போனார்கள். அவருக்கு அது தெரியும். வருடங்கள் கழித்து அவர் இறந்தபோது வழக்கப்படி என் பொட்டை அழிக்கப் பெண்கள் வந்தார்கள். அழிப்பதற்கு ஒன்றும் இல்லாமல் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள்.

ஞானஸ்நானத்துக்கு அடுத்த பங்குனியில்தான் தெரிந்தது விஷயம். நோம்பி சாட்டியாயிற்று. அவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"நீ எடுக்க வேண்டாம். மாவ மட்டும் இடிச்சுக் குடுத்துரு. மாவு மாவுதானே?"

எனக்கும் அது சரியென்றுதான் பட்டது. இருந்தாலும் உபதேசியாரிடம் போய்க் கேட்டேன். அவர், "இடிக்கும்போதே அது யாருக்குன்னு உங்களுக்குத் தெரியுமில்லைங்களா அம்மா?" என்றார். தெரியும் என்றேன். "அப்ப எங்கிட்ட ஏன் கேக்கறீங்க?" என்றார். நான் வீட்டுக்கு வந்து, "யாருக்குன்னு தெரிஞ்சு என்னால இடிக்க முடியாதுங்க" என்று சொல்லிவிட்டேன். அவர் எழுந்து துண்டை உதறினார். "செரி" என்றார். சோதனையில் ஜெயித்துவிட்டதாக நினைத்து அன்று நான் முழங்காலில் நின்று நன்றி சொன்னேன். அதை நினைத்தால் இப்போது கூசுகிறது.

ஊர்க்கவுண்டரும் பெரியப்பா மகனும் இன்னும் நாலைந்து பேரும் வீட்டுக்கு வந்தார்கள். வாசலில் கட்டில் போட்டு உட்கார்ந்தார்கள். நான் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன்.

"அம்மிணி எடுக்காதுன்னா ஊட்டுல வேற பொம்பள வேணுமல்லப்பா?" என்றார் ஊர்க்கவுண்டர்.

பெரியப்பா மகன் அதற்காகவே காத்திருந்ததுபோல் பேசினார். "எம் பொண்டாட்டி எடுத்துக்குவா. அது உனக்குப் புடிக்கலீன்னா இன்னொரு கண்ணாலம் பண்ணிக்க. புள்ளையுமில்ல உனக்கு. வௌக்குக்கும் ஆளாச்சு, வம்சத்துக்கும் ஆளாச்சு. நானே பொண்ணு பாக்கறேன்."

அந்தக் காலத்தில் இரண்டாவது பெண்டாட்டி என்பது ஆச்சரியமான விஷயமே இல்லை. யாரும் அவரைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். உண்மையைச் சொன்னால், நானே குறை சொல்லியிருக்க முடியாது.

"ஏனுங்க மாமா," என்று ஊர்க்கவுண்டரைக் கேட்டார் என் கணவர், "பொம்பளதான் எடுக்கோணும்னு எங்காச்சும் இருக்குதுங்களா?"

"வழக்கம் அதுதானப்பா."

"எங்க ஊட்டு வௌக்கு முந்திப் போகோணுங்கறதும் வழக்கந்தானுங்க. நானும் இந்த ஊட்டு ஆளுதானுங்களே. நானே எடுத்துட்டு வாரேன்."

ஒருத்தர் சிரித்தார். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே ஊர்க்கவுண்டர், "செரி, எடுத்துட்டு வா, பாப்போம்" என்று சொல்லிவிட்டு எழுந்தார். அவர் எடுக்க மாட்டார் என்றுதான் அவர்கள் நினைத்தார்கள்.

நோம்பியன்று காலையில் உரலை உருட்டிக்கொண்டு மாட்டுக்கொட்டகைக்குள் போய்ப் படலைச் சாத்திக்கொண்டார். ஆம்பளை மாவு இடிப்பதை யாரும் பார்த்துவிடக் கூடாதே. ஏர் பிடித்த கைக்கு உலக்கை பிடிக்கத் தெரியவில்லை. ஒரு குத்து உரலுக்குள் விழும், அடுத்தது விளிம்பில் இடிக்கும், அப்புறம் கொஞ்ச நேரம் சத்தமே இராது. சிந்திய அரிசியைப் பொறுக்குகிறார் என்று தெரிந்துகொள்வேன். நான் அடுப்படியில் சும்மா நின்றேன். என் இரண்டு கைகளையும் எங்கே வைப்பது என்று தெரியவில்லை. ஜெபம் செய்யலாம் என்று முழங்கால் போட்டேன். உலக்கை விளிம்பில் இடித்த ஒவ்வொரு முறையும் ஜெபம் அறுந்துபோயிற்று.

மாலையில் கொட்டு வந்து வாசலில் நின்றது. அவர் ஈர வேட்டியோடு, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, தட்டத்தைத் தலையில் வைத்து வெளியே போனார். பின்னால் மஞ்சள் சேலை கட்டிய பெண்கள். முன்னால் மீசை வைத்த இவர். நான் படல் இடுக்கு வழியாகப் பார்த்தேன். "மாவௌக்கு அக்கா வாராங்க, வழி உடுங்க!" என்று யாரோ கத்தினார்கள். ஒருவன் ஓடிவந்து அவர் காதில் ஒரு செவ்வந்திப் பூவைச் செருகினான். இரண்டு கையும் தட்டத்தில் இருந்ததால் அவரால் அதை எடுக்க முடியவில்லை. அந்தப் பூவோடேயே கோயில்வரை போனார்.

திரும்பி வந்தபோது காது சிவந்திருந்தது. பூ இல்லை. அவர் ஒரு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும். திட்டவில்லை. தட்டத்தில் இருந்த மாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். படைத்ததை நான் சாப்பிட மாட்டேன் என்று அவருக்குத் தெரியும். தான் மட்டும் தனியாகத் தின்னவும் அவருக்கு மனம் வரவில்லை. கொட்டகைக்குப் போய், நெய் ஊறிய நடுப்பகுதியோடு சேர்த்து அத்தனையையும் செவலைப் பசுவுக்கு வைத்துவிட்டு வந்தார்.

இப்படியே வருடங்கள் போயின. ஒவ்வொரு பங்குனியிலும் அவர் இடித்தார், எடுத்தார், பசு தின்றது. உலக்கை கொஞ்சம் கைக்கு வந்துவிட்டது. 'மாவிளக்கு அக்கா' என்ற பெயர் நிலைத்தேவிட்டது. சந்தையில் அந்நிய ஊர்க்காரர்கள்கூட அதைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவர் சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்ப்பார். வேண்டாம், விட்டுவிடுங்கள், முதல் விளக்கு போனால் போகட்டும் என்று நான் ஒரு தடவையாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. விட்டால் இன்னொரு கல்யாணப் பேச்சு கிளம்பும் என்ற பயம். எல்லாப் பயமும் போய்விட்டது என்று சாட்சி சொன்னவள்தான் நான்.

என் பங்குக்கு நானும் போராடினேன், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் வெயிலில் நடந்து எங்கள் சபைக் கோயிலுக்குப் போவேன். அங்கே பெரும்பாலோர் எங்கள் காட்டுக்கே கூலிக்கு வருகிறவர்கள். திருவிருந்தில் ஒரே கிண்ணம். முதல்முறை அது என் பக்கம் வந்தபோது என் உதடு பின்வாங்கியது. எனக்கு முன்னால் குடித்த பெண் அதைப் பார்த்துவிட்டாள். மறுநாள் எங்கள் காட்டில் களை எடுக்க வந்தவள், ஒன்றும் நடக்காததுபோலவே வேலை செய்தாள். அந்த வெட்கம் என்னைப் பல நாள் தின்றது. நான் அந்தக் கிண்ணத்தில் குடித்தது தெரிந்து ஊரில் என் கையால் தண்ணீர் வாங்குவதை நிறுத்தினார்கள். என் கணவர் நிறுத்தவில்லை. பெரியப்பா மகன் மனைவிக்காக ஜெபிக்க வேண்டும் என்று உபதேசியார் சொன்னார். பரிசுத்தவான்கள் சிங்கத்தோடு போராடியிருக்கலாம். எனக்கு வாய்த்தது அந்த அக்காதான். பல்லைக் கடித்துக்கொண்டு தினமும் ஜெபித்தேன். எத்தனையோ காலத்துக்குப் பிறகு ஒருநாள் கடிக்காமலே ஜெபம் வந்தது. ஆண்டவரைத் தவிர வேறு யாராலும் என்னிடத்தில் அதைச் செய்திருக்க முடியாது. அதனால்தான் சொல்கிறேன், நான் போன வழி பொய் இல்லை.

ஒரு வருடம் சேலத்தில் அறுப்பின் பண்டிகை. பல ஊர்ச் சபைகள் கூடியிருந்தன. என்னைச் சாட்சி சொல்ல எழுப்பினார்கள். நான் வாய் திறக்குமுன்பே அங்கிருந்த பெரிய போதகர் என்னைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டார். "அஞ்ஞானக் கணவனின் வீட்டில், எத்தனை நிந்தை, எத்தனை அவமானம் வந்தபோதும் இந்தச் சகோதரி அசையாமல் நின்றாள்" என்றார். ஜனங்கள் 'ஆமென்' என்றார்கள். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அந்த அஞ்ஞானக் கணவர் வெளியே வேப்பமரத்தடியில் காளைகளுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். முந்தின நாளே வண்டி பூட்டி, நான் படுத்துக்கொள்ள வைக்கோல் பரப்பி என்னை அங்கே கொண்டுவந்து சேர்த்தவர் அவர்தான். நிந்தையும் அவமானமும் எனக்கு வரவில்லை, அதோ அவருக்குத்தான் வந்தது என்று அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். நீளமான என் வாய் அன்று பார்த்து ஒட்டிக்கொண்டது. எல்லாரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது நன்றாகவும் இருந்தது. 'ஸ்தோத்திரம்' என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

வீடு திரும்பும் வழியில், "உங்க ஆளுக எல்லாம் என்னமோ சத்தம் போட்டாங்களே, என்ன சொன்ன?" என்று கேட்டார். "ஒண்ணும் சொல்லலீங்க" என்றேன். அது உண்மைதான்.

பிறகு உலகச் சண்டைக் காலம் வந்தது. மண்ணெண்ணெய் இல்லை, துணி இல்லை, வெல்லமும் கண்ணில் காண்பது அரிதாயிற்று. அந்தப் பங்குனியில் நோம்பிக்குச் சில நாள் முன்பு அவர் கிணற்றில் காளை பூட்டித் தண்ணீர் இறைக்கும் கவலை ஓட்டிக்கொண்டிருந்தார். காளைகள் சரிவில் இறங்கும்போது ஆள் வடத்தின்மேல் உட்கார்ந்து அழுத்த வேண்டும்; அப்போதுதான் சால் நிறையத் தண்ணீரோடு கிணற்றிலிருந்து மேலே வரும். அன்று வடம் அறுந்துவிட்டது. கீழே விழுந்தவருக்குத் தோள் எலும்பு முறிந்தது. வைத்தியர் முட்டையும் உளுந்தும் பூசி மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார். இரண்டு நாளில் காய்ச்சல் கண்டுவிட்டது. கட்டிலிலிருந்து எழுந்து உட்காரவே ஒரு ஆள் பிடிக்க வேண்டியிருந்தது. நோம்பியைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை. ஆனால் தட்டம் வைத்திருந்த பரணையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். பெரியப்பா மகன் வீட்டில் முதல் விளக்குக்கென்றே அரிசி ஊறப்போட்டுவிட்டார்கள் என்று களை எடுக்க வந்த பெண்கள் சொன்னார்கள்.

நோம்பியன்று விடிந்ததும் குளித்தேன். பெட்டிக்குள் கிடந்த குங்குமச் சிமிழை எடுத்து, கட்டி தட்டிப்போயிருந்ததை நகத்தால் சுரண்டி, நெற்றியில் வைத்தேன். ஊறவைத்த அரிசியை உரலில் போட்டு, கொட்டகையில் அல்ல, அவர் கண்ணுக்கு முன்னால், முன்கூடத்து ஆசாரத்திலேயே இடிக்க ஆரம்பித்தேன். கை மறக்கவில்லை. குத்துகள் ஒரே சீராக விழுந்தன. ஆண்டவரிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமோ என்று பயந்து, ஆண்டவர் பக்கம் திரும்பாமலே இடித்தேன்.

"என்ன புள்ள இது?" என்றார் கட்டிலிலிருந்து.

"இந்த வருசம் நானே எடுக்கறனுங்க."

"உங்க சாமி உடுவாரா?"

"அவருகிட்ட நான் பேசிக்கறேன்."

"பேசிட்டயா?"

உலக்கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவரிடம் பொய் சொல்ல வரவில்லை. "இல்லீங்க" என்றேன்.

"மொதல்ல அந்தப் பொட்ட அழி."

நான் அசையவில்லை. அவர் கையை ஊன்றி எழப் பார்த்தார். வலி தாங்காமல் மறுபடியும் சாய்ந்தார். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டது அன்றைக்குத்தான்.

"இத்தன வருசம் ஊரே என்னப் பாத்துச் சிரிச்சுது. சிரிச்சா சிரிக்கட்டும்னு இருந்தேன். எதுக்கு? எம் பொண்டாட்டி ஒரு வார்த்தை குடுத்தா அதுல நிப்பாள்னுதானே? இப்ப நீ போய் அந்த வௌக்க எடுத்தீன்னா நான் பட்டதுக்கெல்லாம் என்ன அர்த்தம்? காதுல பூ வெச்சுட்டுப் போன பைத்தியக்காரன் ஆயிருவனே நான்? அழி புள்ள."

முந்தானையால் துடைத்தேன். பாதி துடைத்து, பாதி நெற்றியில் இழுபட்டு நின்றது. எந்தப் பொட்டை அழித்துவிட்டு நான் வந்தபோது அவர் முகம் வெளிறியதோ, அதை அழிக்கச் சொல்லி அவரே கெஞ்ச வேண்டியதாயிற்று. எனக்காக ஒரு மனுஷனை நான் கொண்டுபோய் நிறுத்திய இடம் அது.

அவரே ஆள் அனுப்பினார். பெரியப்பா மகன் மனைவி வந்தாள். முதல் விளக்குக்கு எங்கள் வீட்டுத் தட்டம்தான் போக வேண்டும். பரணிலிருந்து அதை எடுத்து, புளி போட்டுத் தேய்த்து, என் கையாலேயே அவளிடம் கொடுத்தேன். அவள் ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தேன். அவள் என் நெற்றியில் இருந்த கறையைப் பார்த்தாள், கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தவரைப் பார்த்தாள். "வாரேன் சாமி" என்று மட்டும், எங்கள் பக்கம் பிரியமானவர்களைக் கூப்பிடுகிற அந்தச் சொல்லால், மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனாள். அத்தனை காலம் அவளுக்காக ஜெபித்ததற்குக் கிடைத்த பலன் அந்த ஒரு வார்த்தைதானோ என்னவோ. அன்று அதைச் சந்தோஷமாக வாங்கிக்கொள்ள என்னால் முடியவில்லை.

மாலையில் கொட்டு வந்தது. எங்கள் வாசலில் நிற்கவில்லை. தாண்டிப் போய் அந்த வீட்டு முன்னால் நின்று அடித்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். இமை மட்டும் கொட்டுக்கு ஏற்பத் துடித்தது. அதற்குப் பிறகு அந்த உரிமை எங்கள் வீட்டுக்குத் திரும்பி வரவே இல்லை. ஊர்க்கூட்டத்தில் அவரை யாரும் எதுவும் கேட்கவும் இல்லை.

ஆண்டவரிடம் இதற்கு மன்னிப்புக் கேட்க இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. இடிக்க மாட்டேன் என்று நின்ற வருடங்களுக்குக் கேட்பதா, இடித்த அந்த ஒரு காலைக்குக் கேட்பதா? எதைக் கேட்டாலும் மற்றது எழுந்து நின்று என்னைப் பார்க்கிறது. மறுபடியும் சின்னவளாகி, மடியில் அந்தப் பிள்ளையோடு ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தால், மறுபடியும் நான் அந்தப் பக்கம்தான் போவேன். இவ்வளவும் தெரிந்தும் போவேன். என்னைத் தூங்கவிடாமல் செய்வது அதுதான்.

அன்று கொட்டுச் சத்தம் தேய்ந்த பிறகு அவர் கண்ணைத் திறந்தார்.

"அந்த மாவு என்னாச்சு?"

"உரல்லயேதான் கெடக்குதுங்க."

"கொண்டா. வெல்லம் இருந்தாப் போட்டுப் பிசை." கொஞ்சம் நிறுத்தி, "அது யாருக்கும் படைக்கலையே, நீ திங்கலாமல்ல?" என்றார்.

நான் உபதேசியாரைக் கேட்கவில்லை. பானையில் கிடந்த வெல்லத்தைத் தட்டிப் போட்டுப் பிசைந்தேன். குழிக்கவில்லை, திரி போடவில்லை. ஒரு உருண்டையை அவர் வாயில் கொடுத்தேன், ஒன்றை நான் தின்றேன். ஞானஸ்நானத்துக்கு முன் தின்ற பிறகு அந்த மாவு என் நாக்கில் பட்டது அன்றுதான்.

"எம்மேல கோவமுங்களா?" என்று கேட்டேன்.

அவர் நிதானமாக மென்று விழுங்கினார்.

"வெல்லம் பத்தல" என்றார்.

எழுந்துபோய்ப் பானையைக் கவிழ்த்துத் தட்டினேன். ஒன்றும் விழவில்லை.